அப்பாவைக் குடிகாரர் ஆக்கியது நான்தான்

மேக்கப் அறையின் ஏசியில் எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு தட்டில் முட்டை பப்ஸ். அதைத் தொடவிடாமல் ஒரு அக்கா என் தாடையைப் பிடித்துக்கொண்டு முகத்தில் கறுப்பு பூசினார்.

மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை. எனக்கு மட்டும் கறுப்பு. உப்பளத்துப் பிள்ளை என்றால் வெயிலில் கருகியிருக்க வேண்டாமா என்றார் அந்த அக்கா. நானோ அந்தக் கோடை முழுக்க அம்மை போட்டு, வீட்டுக்குள்ளேயே கிடந்து, வெளுத்துப் போய் வந்திருந்தேன். மரக்காணத்திலிருந்து வந்த பெண் இந்த நிறத்தில் இருந்தால் யார் நம்புவார்கள்?

எனக்கு ஒன்பது வயது. டிவியில் குழந்தைகள் பாட்டுப் போட்டி. அன்று முதல் சுற்று.

கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரை ஸ்டோரி அண்ணன் என்று கூப்பிட்டோம். நன்றாகப் பாடுகிறோமா என்று பார்க்க மூன்று நடுவர்கள் இருந்தார்கள். நன்றாகக் கஷ்டப்படுகிறோமா என்று பார்க்க இவர் ஒருவரே போதும்.

வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டார். ஃப்ரிட்ஜில் ஐஸ் சரியாகக் கட்டுவதில்லை என்றேன். அவர் எழுதவில்லை. குடிசை வீடா? இல்லை, தளம் போட்ட வீடு. அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாரா? இல்லை, வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். அப்பா? லாரி ஓட்டுகிறார். என்ன லாரி? உப்பு லாரி.

அதை மட்டும் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கு முன்னால் பாடிய பெண்ணுக்கு வீடு ஒழுகும், தம்பிக்கு நடக்க வராது. அவளுக்கு அட்டையின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தார். அவள் பாட்டில் சுருதி இரண்டு இடத்தில் விலகியது. நடுவர்கள் மேடையேறி அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

எழுந்து போகிற போக்கில் ஸ்டோரி அண்ணன் திரும்பி, "அப்பா குடிப்பாரா?" என்றார்.

"குடிப்பாரு," என்றேன்.

பேனா மறுபடியும் திறந்தது.

எந்தக் குடி என்று கேட்கிறீர்களா?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக: நான் அமுதா. அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'உப்புக்குயில்' என்றால் ஆட்டோக்காரர்கூட வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார். என் மூக்கு, என் காதல்கள், எனக்குப் பிறந்ததாகச் சொல்லப்படும் இரட்டைக் குழந்தைகள் பற்றியெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மூக்கு அசல்தான் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். நம்ப முடியாது என்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அதில் ஒருவர் தான் மூக்கு டாக்டர் என்கிறார்.

மூக்கு போதும். இந்த வாரம் அப்பா.

என் அப்பா தனசேகர் குடித்ததில்லை. கல்யாண வீட்டில் யாராவது குடித்துவிட்டு வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தால், சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். அந்த வாடை அவருக்குக் குமட்டும். அவர் குடித்ததெல்லாம் டீ. மரக்காணத்தில் லோடு ஏற்றிக் கிளம்பினால், சென்னை போய்ச் சேர்வதற்குள் ஏழு டீ.

ஆகவே பிற்பாடு என்னைப் பேட்டி கண்டவர்களுக்கெல்லாம் நான் வைத்திருந்த பதில் இது: "சின்னப் பொண்ணு இல்லியா, டீ குடிப்பாரான்னு கேக்குறாருன்னு நெனச்சிட்டேன்." சொன்னதும் நம்பாமல் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தப் பதிலுக்குப் பல ஊர்களில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அது பொய். எந்தக் குடியைக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. சாயங்காலமானால் யாருடைய அப்பா எப்படி நடந்து வருகிறார் என்று பந்தயம் கட்டி விளையாடியவர்கள் நாங்கள்.

அந்தப் பேனா மூடியது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆட்டின் காது

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது ஒளிபரப்பானது. அம்மா தெருவையே வீட்டுக்குக் கூப்பிட்டு, கேசரி கிண்டி எல்லோர் கையிலும் ஒரு கிண்ணம் கொடுத்திருந்தார்.

டிவியில் முதலில் எங்கள் வீடு வந்தது. அது எங்கள் வீடு இல்லை. படம் பிடிக்க வந்தவர்கள் எங்கள் டைல்ஸ் தரையைப் பார்த்து முகம் வாடிப் போனார்கள். பின்தெருவில் ஆடு கட்டும் கொட்டகை ஒன்று அவர்களுக்குப் பிடித்திருந்தது. அங்கே என்னை உட்காரவைத்து எடுத்தார்கள். திரையின் ஓரத்தில் ஒரு ஆட்டின் காது தெரியும். இன்றைக்கும் தேடினால் கிடைக்கும்.

பிறகு உப்புப் பாத்தி, அஸ்தமனம், வயலின். 'குடிக்கு அடிமையான தந்தை. பசியோடு உறங்கும் குடும்பம். இந்த உப்புக் காற்றில் ஒரு குயில்' என்றது ஒரு கனத்த குரல்.

கேசரிக் கிண்ணங்கள் நடுவழியில் நின்றன. யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் மிகவும் பாடுபட்டார்கள். திரையில் நான் பாடி முடித்தபோது அப்பா ஒருவர்தான் கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அம்மா என் காதைப் பிடித்துத் திருகி, அப்பா எப்போது குடித்தார் என்று கேட்டார். நான் அழுதுகொண்டே, டீயைத்தான் சொன்னேன் என்றேன். அந்தப் பதில் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது. இவ்வளவு நல்ல பதில் எனக்குள் இருந்ததா என்று நானே அசந்துபோனேன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. "பாத்தியா விஜயா? கொழந்த டீயத்தான் சொல்லியிருக்குது. அவனுங்கதான் மாத்திக்கினானுங்க," என்றார்.

மறுநாளிலிருந்து டீக்கடையில், உப்பளத்தில், லாரி ஷெட்டில் எல்லோரிடமும் அதைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். குடிக்கிறவன் எவன்தான் ஒத்துக்கொள்கிறான் என்று அவர் போன பிறகு பேசிக்கொண்டார்கள்.

அம்மா சேனலுக்குப் போன் செய்து சண்டை போட்டார். அடுத்த வாரமே சரிசெய்துவிடுகிறோம் மேடம் என்று பணிவாகச் சொன்னார்கள்.

சரிசெய்த விதம்

அப்பாவை மேடைக்கே வரச் சொன்னார்கள். அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்த சட்டையைக் கழற்றச் சொல்லி, தோளில் கிழிந்த ஒன்றைக் கொடுத்தார்கள். கையில் உப்பு வாரும் பலகை ஒன்றையும் கொடுத்தார்கள். லாரி ஓட்டுகிற மனிதர் அதை எதற்குச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்டோரி அண்ணன் அவரைத் தனியே அழைத்து விளக்கினார். நான் குடித்ததே இல்லை என்று நீங்கள் சொன்னால் உங்கள் பெண் பொய் சொன்னதாக ஆகிவிடும், ஓட்டு விழாது. இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சொன்னால் எல்லோருக்கும் மரியாதை. யோசித்துப் பாருங்கள், அதில் பொய் எங்கே இருக்கிறது?

அப்பா யோசித்துப் பார்த்தார். "இனிமே குடிக்கமாட்டேன்னுதானே? அது நெசந்தானே," என்றார்.

மேடையில் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். அப்பா அதன்மேல் கை அடித்து, என்மேல் ஆணையாக இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஒரு நடுவருக்குக் கண் மை கன்னம் வரை வழிந்தது. கேமரா கோணம் சரியில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். இரண்டாவது கற்பூரத்தின்மேலும் அப்பா முழு மனதோடு கை அடித்தார்.

நான் அந்தப் போட்டியில் ஜெயித்தேன்.

ஊர் திரும்பிய அப்பாவை ஒரு மது ஒழிப்புக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டு, குடியை விட்ட முதல் வாரம் கை நடுங்கியதா என்று கேட்டார்கள். நடுங்கவில்லை என்றார். தூக்கம் போயிற்றா? நன்றாகத் தூங்கினேன் என்றார். என்ன மனவுறுதி என்று வியந்து, மறுவருடமும் கூப்பிட்டார்கள்.

ஊது

சிரிப்பாக இருக்கிறது இல்லையா? நானும் பல வருடம் சிரித்தேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டுச் சென்னையில் தங்கி, கோயில் விழா, கடை திறப்பு, வெளிநாட்டுக் கலைநிகழ்ச்சி என்று பாடிக்கொண்டிருந்தேன். ஈசிஆர் ரோட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அம்மா சொல்லித்தான் தெரியும்.

சோதனைச் சாவடியில் வரிசையாக லாரிகள் நிற்கும். மற்றவர்களுக்குக் கையசைத்துவிட்டு, அப்பாவை மட்டும் இறங்கச் சொல்வார்கள்.

"ஏம்பா, நீ அந்தப் பாட்டுப் பாடுற பாப்பாவோட அப்பாதானே? ஊது."

ஊதுவார். மிஷினில் சைபர் வரும். மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை ஊதச் சொல்வார்கள். மறுபடியும் சைபர். பரவாயில்லை, சத்தியத்தைக் காப்பாற்றுகிறாய் என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்புவார்கள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அப்பா ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. அவங்க வேலைய அவங்க பாக்குறாங்க என்பாராம்.

தெர்மாகோல் உப்பு

பதினேழு வயதில், இனி போட்டியில் ஜெயித்த பிள்ளையாகவே காலம் தள்ள முடியாது என்று என் மேனேஜர் நிகில் முடிவு செய்தார். நான் பாப் பாடகி ஆனேன். பாப் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். சினிமா இல்லாத பாட்டு என்றேன். சினிமா இல்லையென்றால் எதற்கு டான்ஸ் என்றார். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

முதல் வீடியோவை எங்கள் மரக்காணம் உப்பளத்திலேயே எடுத்தோம். சென்னையிலிருந்து வந்த டான்ஸர்கள் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கினார்கள். உப்பு அறுத்து இரண்டு பேருக்கு ரத்தம் வந்தது. உடனே மூட்டை மூட்டையாகத் தெர்மாகோல் உருண்டை வாங்கி வந்து, உப்பின்மேல் உப்பு மாதிரி தூவினார்கள்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் புடவைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு, காலில் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தார்கள். பார்க்க உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் மாதிரியே இல்லை என்று டைரக்டர் அவர்களை ஓரமாகப் போகச் சொன்னார். அவர்கள் ஓரமாக நின்று, வெள்ளை உடையில் ஆடிய டான்ஸர்களைச் சாயங்காலம் வரை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கடல் காற்று கிளம்பி, தெர்மாகோல் எல்லாம் பறந்து நல்ல உப்புக் குவியலில் கலந்துவிட்டது. அதைப் பொறுக்கியவர்கள் அந்தப் பெண்கள்தான்.

அந்தப் பாட்டின் பல்லவி உங்களுக்கு மனப்பாடம். 'அப்பன் குடிச்சது சாராயம், என் கண்ணு குடிச்சது உப்புத்தண்ணி.' என் சொந்த வாழ்க்கை என்று விளம்பரம் செய்தோம். கல்யாண மண்டபங்களில், காலேஜ் விழாக்களில், ஆட்டோக்களில் அதுதான் ஓடியது. அப்பாவின் லாரி ரேடியோவிலும் ஓடியிருக்கும்.

என்னைப் பற்றிய வதந்திகள் பிறகு வந்தன. நான் முகமே பார்த்திராத ஒரு நடிகரைக் காதலித்தேன். அவரை ஏமாற்றினேன். இரட்டைக் குழந்தை பெற்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை செத்துக்கூடப் போனேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். படம் அழகாக இருந்தது என்று அம்மா அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடியில் மிளகாய் காயவைக்க விரித்தார்.

இதையெல்லாம் நிகில் பப்ளிசிட்டி என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அது அப்பாவிடம் போகும் வரை.

கையில் பாட்டில்

சென்ற வருடம் ஒரு யூடியூப் சேனலில் ஒரு படம் வந்தது. அப்பா லாரிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு பாட்டில். 'சத்தியத்தை மீறிய தந்தை! உடைந்துபோன உப்புக்குயில்!'

அது லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர்.

மூன்றாம் நாள் உப்பள முதலாளி அப்பாவை லாரியிலிருந்து இறக்கினார். இருபது வருடம் ஓட்டிய லாரி. சாவியைக் கொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார் என்று அம்மா போனில் சொன்னார். அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் பிரஸ் மீட் வைத்தேன். வேண்டாம், பாட்டே அடிபட்டுப்போகும் என்று நிகில் தடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. என் அப்பா குடித்ததில்லை, ஒன்பது வயதில் நான் தெரிந்தேதான் பொய் சொன்னேன், டீ என்று சொன்னதும் பொய் என்று எல்லா மைக் முன்னாலும் சொன்னேன். அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை தானாக வந்தது. கேமராவில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மறுநாள் தலைப்புகள்: 'குடிகாரத் தந்தையின் மிரட்டலா?' 'அப்பாவைக் காப்பாற்ற மகளின் தியாகம்.' ஒரு சேனலில் மனநல நிபுணர் ஒருவர், குடிகாரர்களின் பிள்ளைகள் இப்படித்தான் மறைத்துப் பேசுவார்கள் என்று வரைபடம் போட்டு விளக்கினார். பாட்டை முன்னைவிட அதிகம் பேர் கேட்டார்கள்.

காருக்குள்

நான் ஊருக்குப் போய், அப்பாவை அழைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். அவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாதாம்மா? இருவது வருஷமா பாக்குறேன், ஒரு நாள் வாடை வந்தது கெடையாது," என்றார். "உப்பு வாங்குறவங்க போன் பண்ணி, அந்தக் குடிகாரனையா அனுப்புறேன்னு கேக்குறாங்க. நான் ஒவ்வொருத்தனுக்கா சொல்லிக்கினு இருக்க முடியும்? கேட்டுல உக்காந்து போற வர்ற வண்டியப் பாத்துக்கட்டும்."

வீட்டுக்கு வெளியே உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காரை உப்பளத்து மண்பாதையில் நிறுத்தினேன். நல்ல மத்தியான வெயில். கண்ணாடிக்கு வெளியே பாத்திகளைப் பார்க்கக் கண் கூசியது. அப்பா முன்சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்ட," என்றார். "எங்கிட்ட இன்னும் சொல்லல, பாப்பா."

மைக் இல்லாமல் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மேக்கப் அறை, கறுப்பு, பேனா மூடியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப டீ இல்ல."

"இல்லப்பா."

ஊரில் ஒருவர்கூட நம்பாத அந்த டீக் கதையை இத்தனை வருடமும் அவர் ஒருவர்தான் நம்பிக்கொண்டிருந்தார். அதைத்தான் நான் அவரிடமிருந்து பிடுங்கினேன்.

"ஒம்பது வயசுல சொன்னது பரவால்ல," என்றார். "பதினேழு வயசுல அதப் பாட்டா பாடுன பாரு. அதான்."

கதவைத் திறந்து இறங்கி, வெயிலிலேயே வீட்டுக்கு நடந்தார். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் காலையில், கேட் வேலைக்குக் கிளம்பும்போது, சாப்பிட்டியா என்று கேட்டார். நான் அந்தப் பாட்டை அதன்பிறகு மேடையில் பாடவில்லை. பாடச் சொல்லிக் கத்துகிறார்கள். பாடுவதில்லை.

ஒரு திருத்தம்

இதுவரை எழுதியதை நேற்றுக் காலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி இனி ஒரு வரியும் வெளியே போகக்கூடாது என்று வைத்திருக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு இடத்தை மாற்றச் சொன்னார்.

"நான் குடிச்சதே இல்லன்னு போட்டிருக்க. அது தப்பு. ஒரு தடவ குடிச்சிருக்கேன்."

உள்ளே அம்மாவின் தையல் மிஷின் நின்றது.

லாரியிலிருந்து இறக்கிய மறுநாள் பஸ் ஏறி வானூர் போயிருக்கிறார், இங்கே முகம் தெரியும் என்று. அங்கேயும் தெரிந்திருந்தது. மதுக்கடைக்காரர் பாட்டிலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு இப்படி வரலாமா என்று புத்தி சொன்னாராம். வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பப் பார்த்த மதுக்கடைக்காரரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில் கொடுத்திருக்கிறார், ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு. வெளியே காட்டாதீர்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டார். அந்தப் படம் இன்றுவரை எங்கும் வரவில்லை. நல்ல மனிதர்.

அப்பா ஒரு சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். குமட்டியது. மீதியை மணலில் ஊற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்.

"எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்னாதான் இருக்குதுன்னு பாத்தேன்," என்றார். "ஒம்மேல பண்ண சத்தியம். அது உறுத்திக்கினே இருக்குது. எழுதிடு."

இதை எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். இதழ் கடைக்கு வந்த மறுநாளே எப்படித் தலைப்பு வைப்பார்கள், அம்பு போட்டு வட்டம் போட்டு எப்படிப் படம் வரும் என்றெல்லாம் சொன்னேன். ஒரு வாய்தானே அப்பா, விட்டுவிடலாமே என்றேன். எனக்கு இதிலெல்லாம் அனுபவம் உண்டு.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"குடிக்காதப்ப குடிச்சேன்னு சொன்ன. குடிச்சதக் குடிச்சேன்னு சொல்றதுக்கு என்னா?"

என் அப்பா தனசேகர் தன் வாழ்நாளில் ஒரு தடவை, ஒரு வாய் குடித்திருக்கிறார். குடித்ததில்லை என்று மேலே நான் எழுதியதை வாசகர்கள் அப்படித் திருத்திப் படித்துக்கொள்ளவும்.